டில்ட்-ஷிஃப்ட் லென்ஸில் படம் கெடுகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் கைக்கு வந்த முதல் மாதத்தில் ஏறக்குறைய எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “லென்ஸில் ஏதாவது கோளாறா?” ஆட்டோஃபோகஸ் இல்லை. இரண்டு திருகுகள், அவற்றுக்கு இரண்டு பூட்டுகள், போதாததற்குச் சுழலும் வளையம். எதையோ தொட்டால் எதுவோ நகர்கிறது. கோவில்கள், பழைய வீடுகள், வயல்வெளிகள் என்று பல வருஷமாக இந்த லென்ஸ்களில் எடுத்துவருகிறேன். லென்ஸே பழுதாக இருந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. மற்ற நேரமெல்லாம் கேமரா மட்டமாக இருந்திருக்காது, அல்லது வேலையை வரிசை மாற்றிச் செய்திருப்போம்.

அந்த வரிசையை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழே வரும் வைத்தியத்தில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. இரண்டு திருகுகளையும் பூஜ்யத்தில் வையுங்கள். கேமராவை மட்டமாக நிறுத்துங்கள். எக்ஸ்போஷரை (படத்துக்கு வேண்டிய ஒளியளவை) அளந்து மேனுவலில் பூட்டுங்கள். அப்புறம் ஷிஃப்ட். தேவை என்றால் மட்டும் டில்ட். கடைசியில் ஃபோகஸ்.

ஷிஃப்ட் என்பது லென்ஸைச் சென்சாருக்கு இணையாகவே மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்த்துவது. டில்ட் என்பது லென்ஸின் முகத்தைச் சாய்ப்பது. கட்டடத்துக்கு ஷிஃப்ட், தரைக்கு டில்ட் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். கீழே வரும் கணக்கெல்லாம் ஃபுல் ஃபிரேம் (36-க்கு 24 மி.மீ.) சென்சாருக்கு.

கட்டடம் பின்பக்கம் சாய்கிறது

ஷிஃப்ட் லென்ஸ் போட்டும் தூண்கள் மேலே போகப்போக உள்பக்கம் சாய்ந்தால், கேமரா அண்ணாந்து பார்க்கிறது என்று பொருள். ஷிஃப்ட் எதையும் நிமிர்த்துவதில்லை. சென்சார் சுவருக்கு இணையாக நின்றால் சுவர் தானாகவே நேராக வரும். அப்படி நிறுத்தும்போது கோபுரத்தின் உச்சி ஃபிரேமுக்கு வெளியே போய்விடுகிறதே, அதை உள்ளே கொண்டுவரத்தான் ஷிஃப்ட். பலர் முதலில் கேமராவை அண்ணாத்தி உச்சியைப் பிடித்துவிட்டு, பிறகு ஷிஃப்ட் திருகைத் திருப்பிப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒன்றும் நடக்காது.

எவ்வளவு மட்டமாக இருக்கவேண்டும்? 24 மி.மீ. லென்ஸ், நெட்டுக்கு (நீளப்பக்கம் செங்குத்தாக) பிடித்த 24 மெகாபிக்சல் கேமரா என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு டிகிரி அண்ணாந்தாலும், ஓரத்தில் நிற்கும் தூண் அடியிலிருந்து நுனிக்குப் போவதற்குள் சுமார் 50 பிக்சல் உள்ளே சாய்ந்துவிடும். இரண்டு ஓரத்திலும் அப்படியென்றால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். ஆகவே கண்மதிப்பு போதாது. கேமராவின் எலக்ட்ரானிக் லெவலைப் பயன்படுத்துங்கள். அதில் பக்கச் சாய்வு மட்டுமல்ல, முன்பின் சாய்வும் தெரியவேண்டும். பக்கச் சாய்வை மட்டும் காட்டும் கேமராக்கள் உண்டு. அப்படியானால் ஃபிளாஷ் செருகும் இடத்தில் மாட்டும் சின்ன ரசமட்டம் ஒன்று வாங்கிவிடுங்கள். ட்ரைபாட் தலையில் இருக்கும் குமிழி தலையின் மட்டத்தைத்தான் சொல்லும், சென்சாரின் மட்டத்தை அல்ல.

ஷிஃப்ட் திருகைத் திருப்பியபின் லெவலை இன்னொரு முறை பாருங்கள். கையின் அழுத்தத்திலேயே கேமரா கொஞ்சம் அசைந்திருக்கும். நான் மூன்று தடவை பார்ப்பேன்.

நம் கோவில்களில் இன்னொரு சிக்கல் உண்டு. கோபுரமும் விமானமும் இயல்பாகவே மேலே குறுகிப் போகிறவை. அந்தக் குறுகல் கட்டியவர் வைத்ததா, கேமரா வைத்ததா என்று பார்த்தவுடன் தெரியாது. தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தை மென்பொருளில் “நிமிர்த்தி”, அடிச்சுவர் மேலே வெளிப்பக்கம் விரியும்படி செய்த படங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கும். விமானத்தின் அடியில் இரண்டு அடுக்காக எழும் கல்சுவர் செங்குத்தானது. பிரமிடு போன்ற சரிவு அதற்கு மேலேதான் ஆரம்பிக்கிறது. கோபுரங்களிலும் கீழே கல்லால் ஆன பகுதி ஏறக்குறைய செங்குத்து, செங்கல்லும் சுதையுமான மேல்நிலைகள்தான் சரியும். எனவே நிமிர்வைச் சரிபார்க்க அடிச்சுவரின் மூலையையோ கொடிமரத்தையோ பாருங்கள். கொத்தனாருக்குத் தூக்குக்குண்டு எப்படியோ அப்படி அவை உங்களுக்கு. லைவ் வியூவில் (படத்தை நேரடியாகப் பின்திரையில் பார்க்கும் வசதியில்) கட்டக்கோடுகளைப் போட்டு, அந்த மூலையைக் கோட்டோடு ஒட்டவைத்துப் பாருங்கள். கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தில் சரிவு நேர்க்கோடாக இல்லாமல் உள்வளைந்து போகிறது. அந்த வளைவை வைத்து நிமிர்வைக் கணிக்க முடியவே முடியாது, கீழ்ச்சுவர்தான் கதி.

நேராக இருக்கிறது, ஆனால் உச்சி இழுத்துவிட்டதுபோல் இருக்கிறது

இதுவும் லென்ஸின் கோளாறு அல்ல. லென்ஸின் அச்சிலிருந்து ஒரு பொருள் எவ்வளவு விலகி நிற்கிறதோ அவ்வளவு அது படத்தில் நீளும். 24 மி.மீ. லென்ஸை நெட்டுக்குப் பிடித்து 12 மி.மீ. முழுக்க ஷிஃப்ட் செய்தால் ஃபிரேமின் மேல் விளிம்பு அச்சிலிருந்து சுமார் 51 டிகிரி மேலே இருக்கும். அந்த இடத்தில் வரும் உருண்டை, அகலத்தைப்போல 1.6 மடங்கு நீளமாகத் தெரியும். தட்டையான முகப்பில் இது உறுத்தாது. ஆனால் விமானத்தின் உருண்ட சிகரம், கலசம், சர்ச் கோபுரத்தின் குவிமாடம் எல்லாம் முட்டை வடிவம் ஆகிவிடும். ஷிஃப்ட் இல்லாமல் அதே லென்ஸில் மேல் விளிம்பு 37 டிகிரி, நீட்சி 1.25 மடங்கு.

மருந்து ஒன்றுதான்: பின்னால் போங்கள், நீளமான லென்ஸ் போடுங்கள். தஞ்சையில் பிரகாரம் தாராளமானது. 45 மி.மீ. லென்ஸோடு மூலைப் பக்கம் ஒதுங்கி 90, 100 மீட்டர் பின்னால் போனால் சிகரம் கண்ணுக்குத் தெரிகிற உருவத்தில் வரும். இடமே இல்லை என்றால் நான் ஒன்று செய்வேன். முழு நிமிர்வை விட்டுவிட்டு கேமராவை அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை அண்ணாத்திக்கொள்வேன். மிக உயரமான கட்டடத்தைக் கணக்குப்படி நேராக வைத்தால், அது மேலே பருத்து நம் மேல் விழுகிற மாதிரி இருக்கும். கொஞ்சம் குறுகினால்தான் கண் அதை நேர் என்று ஏற்றுக்கொள்கிறது. இது விதியல்ல, என் கண்ணின் தீர்ப்பு.

முழுக்க ஷிஃப்ட் செய்தும் உச்சி கிடைக்கவில்லை

போவதற்கு முன்பே கணக்குப் போட்டுவிடலாம். 24 மி.மீ. லென்ஸ், நெட்டு ஃபிரேம், கேமரா மட்டம். ஷிஃப்ட் இல்லாமல் நிற்கும் தூரத்தில் முக்கால் பங்கு உயரம் கிடைக்கும். 12 மி.மீ. ஷிஃப்டில் தூரத்தைப்போல 1.25 மடங்கு உயரம் கிடைக்கும். கிடைமட்ட ஃபிரேமில் முழு ஷிஃப்டுக்குத் தூரமும் உயரமும் சமம். 17 மி.மீ. லென்ஸில் நெட்டு ஃபிரேம், முழு ஷிஃப்ட் என்றால் சுமார் 1.76 மடங்கு. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் சுமார் 72 மீட்டர். 24-ல் எடுக்க 57 மீட்டராவது தள்ளி நிற்கவேண்டும், 17-ல் 40 மீட்டர் போதும்.

இந்தத் தூரம் தெருவில் கிடைக்காவிட்டால் பலர் உடனே கேமராவை அண்ணாத்துவார்கள். அதற்குப் பதில் மேலே ஏறுங்கள். உயரக் கணக்கு லென்ஸிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. 10 மீட்டர் உயர மொட்டை மாடியில் நின்றால் கோபுரத்தில் 10 மீட்டர் குறைந்த மாதிரி. ஷிஃப்டும் குறையும், உச்சியின் நீட்சியும் குறையும், மூலைகளும் கூர்மையாக வரும். தெருவில் நிற்கும் ஆட்டோக்களும் மின்கம்பிகளும்கூடக் கீழே போய்விடும். “அக்கா, பத்து நிமிஷம் மாடியில நின்னு கோபுரத்தை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டால் பெரும்பாலும் ஏறவிடுவார்கள். படத்தை மறக்காமல் அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

படத்தில் ஒரு பக்கம் மட்டும் மங்கல்

கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு காலை முழுவதையும் இதில் இழந்தேன். முந்தின நாள் மாலை வயலில் எடுத்தபோது வைத்த டில்ட், ஒரு டிகிரி அளவுக்கு, அப்படியே இருந்துவிட்டது. கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் அடித்தளம் கத்தி மாதிரி கூர்மை, விமானத்தின் மேல்பாதி மங்கல். 24 மி.மீ. லென்ஸ், அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) எஃப்/8, சுமார் 40 மீட்டர் தூரம். அந்த நிலையில் ஒரு டிகிரி டில்ட் ஃபோகஸ் தளத்தை (கூர்மையாக விழும் பரப்பை) தரையோடு படுக்கவைத்துவிடும். கூர்மை தரையிலிருந்து 20 மீட்டர் சொச்சம் உயரம் வரைதான் எட்டும், அதற்கு மேல் எட்டாது. வெயில் ஏறுவதற்கு முன் விழுந்த அந்தப் பக்கவாட்டு ஒளி திரும்பக் கிடைக்க நான் மறுபடி இரண்டு தடவை போகவேண்டியிருந்தது.

அதனால் லென்ஸைப் பைக்குள் வைக்கும்போதே இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து பூட்டுங்கள். கட்டடம் எடுக்க ஆரம்பிக்கும்போது டில்ட் பூட்டை விரலால் தொட்டுப் பாருங்கள். கேனானின் டில்ட்-ஷிஃப்ட் வரிசையான டிஎஸ்-இ-யில் 24 மி.மீ. இரண்டாம் பதிப்பில் டில்ட்டைப் பூஜ்யத்திலேயே பூட்டிவைக்கத் தனி விசை இருக்கிறது. கட்டடம் மட்டுமே எடுப்பவர்கள் அதைத் திறக்கவே வேண்டியதில்லை.

டில்ட் பூஜ்யத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் ஒரு பக்கம் மங்கல் என்றால் அடுத்த சோதனை. பூஜ்யக் குறி எல்லா லென்ஸிலும் துல்லியமாக இருக்காது. தட்டையான சுவரில் செய்தித்தாளை ஒட்டி, கேமராவை அதற்கு இணையாக நிறுத்தி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து எடுத்து மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மங்கினால் லென்ஸை 180 டிகிரி சுழற்றி மறுபடி எடுங்கள். மங்கல் லென்ஸோடு சேர்ந்து எதிர்ப்பக்கம் போனால் குற்றம் லென்ஸில். அதே பக்கம் நின்றால் லென்ஸைக் குற்றம் சொல்லாதீர்கள், கேமரா சுவருக்கு இணையாக இல்லை, அல்லது மவுன்டில் (கேமராவில் லென்ஸ் மாட்டும் இடத்தில்) ஏதோ கோளாறு. சாதாரண லென்ஸில் இப்படிச் சுழற்றிப் பார்க்க முடியாது, நமக்கு அந்த வசதி இருக்கிறது. நான் பார்த்த அந்த ஒரே பழுதான லென்ஸ் வாடகைக்கு எடுத்தது, இந்தச் சோதனையில்தான் பிடிபட்டது. வாடகைக்கோ பழையதாகவோ எடுக்கிறவர்கள் கடையிலேயே, பணம் கொடுப்பதற்கு முன்பே, இதைச் செய்துவிடுங்கள்.

லென்ஸில் குற்றம் என்று தெரிந்து, அது பூஜ்யக் குறியின் சின்னப் பிசகு மட்டும்தான் என்றால் சரிசெய்ய அனுப்பவேண்டாம். உண்மையான பூஜ்யம் எங்கே என்று கண்டுபிடித்து மெல்லிய மார்க்கரில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

நாற்று கூர்மை, மலை மங்கல். மலை கூர்மை, நாற்று மங்கல்

இது தரையின் கதை, இங்கேதான் டில்ட் வருகிறது. நாஞ்சில் நாட்டில் தோவாளைப் பக்கம் நடவு முடிந்த வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலடியில் நாற்று, எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை. இரண்டும் வேண்டும்.

லென்ஸைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் ஃபோகஸ் தளம் ஒரு கதவுபோலக் கீலைச் சுற்றித் திரும்பும். அந்தக் கீல் லென்ஸுக்கு நேர் கீழே இருக்கிறது. டில்ட்டைக் கூட்டினால் கீல் லென்ஸை நெருங்கி மேலே வரும், குறைத்தால் கீழே இறங்கும். ஃபோகஸ் வளையம் கதவைத் திறக்கவும் மூடவும். கீல் தரையில் இருக்கவேண்டும், கதவு தரையோடு படுக்கவேண்டும், அவ்வளவுதான். இதை இப்படிக் கீலாக விளக்கியவர் கனடாவின் ஹெரால்ட் மெர்க்ளிங்கர். லென்ஸைச் சாய்த்தால் ஃபோகஸ் தளமும் சாயும் என்ற அடிப்படை விதி அதற்கும் வெகு பழையது. 1901-ல் பிரான்சின் ஜூல் கார்பாந்தியே ஒரு காப்புரிமையில் தொட்டதை, வானிலிருந்து எடுத்த கோணல் படங்களை நிமிர்த்தும் வேலையில் இருந்த ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடோர் ஷெய்ம்ப்ஃப்ளுக் 1904-ல் விரிவாக எழுதிவைத்தார்.

எவ்வளவு டில்ட் என்று துல்லியமாகச் சொல்ல சைன் கணக்கு வேண்டும், வயலில் நின்று அதைப் போட முடியாது. அடிக்கணக்கில் ஒரு சுருக்கவழி இருக்கிறது: லென்ஸின் மி.மீ. அளவை, தரையிலிருந்து லென்ஸ் இருக்கும் உயரத்தின் (அடியில்) ஐந்து மடங்கால் வகுத்தால் டில்ட் டிகிரி கிடைக்கும். 5 அடி உயரத்தில் 24 மி.மீ. லென்ஸுக்கு 24-ஐ 25-ஆல் வகுத்தால் சுமார் 1 டிகிரி. 45-க்கு 1.8, 90-க்கு 3.6. கொஞ்சம் கூடுதலாகவே காட்டும், ஆனால் ஆரம்பிக்க இது போதும். முட்டி போட்டு இரண்டரை அடியில் எடுத்தால் எல்லாம் இரண்டு மடங்கு. எல்லோரும் செய்யும் தவறு அதிகமாகச் சாய்ப்பது. திருகில் எட்டு டிகிரி வரை இருக்கிறதே என்று நாலைந்து டிகிரி போட்டுவிட்டு எங்கேயும் கூர்மை இல்லை என்பார்கள். 24-ல் ஒரு டிகிரி என்பது திருகில் மயிரிழை நகர்வுதான்.

அப்புறம் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி வேலை ஆரம்பிக்கிறது. ஃபோகஸ் பீக்கிங்கின் வண்ணக்கோடுகளை இங்கே நம்பாதீர்கள், பாதி வயலே மினுங்கும். மலையின் மேல் ஒரு மரத்துக்கு ஃபோகஸ் செய்யுங்கள். திரையில் பெரிதாக்கிக் காட்டும் பெட்டியை அப்படியே கீழே நாற்றுக்கு நகர்த்துங்கள். நாற்று கூர்மையாக வர ஃபோகஸ் வளையத்தை எந்தப் பக்கம் திருப்பவேண்டியிருக்கிறது என்று கவனியுங்கள். கிட்டத்தூரத்தின் பக்கம் என்றால் டில்ட் போதவில்லை, கொஞ்சம் கூட்டுங்கள். முடிவிலியின் பக்கம் என்றால் டில்ட் அதிகம், குறையுங்கள். ஒவ்வொரு தடவை டில்ட்டைத் தொட்டதும் மலைக்குத் திரும்பிப் போய் மறுபடி ஃபோகஸ். மூன்றாவது, நாலாவது சுற்றில் ஒரு கணம் வரும். திருகை நெல்மணி அளவு நகர்த்துகிறீர்கள், நாற்றின் நுனியில் நிற்கும் பனித்துளியின் விளிம்பு வெள்ளிக் கம்பிபோல இறுகுகிறது, துளிக்குள் தலைகீழாக வானம் தெரிகிறது. மலைக்குப் போனால் அந்த மரமும் கூர்மை. வளையத்தில் கை வைக்காமல் பூட்டுங்கள். பூட்டியபின் ஒரு தடவை மறுபடி பாருங்கள், பூட்டும்போதும் நகரும்.

கேமரா கொஞ்சம் குனிந்திருந்தால் கீலின் தூரத்தைச் சென்சாருக்கு இணையான திசையில் அளக்கவேண்டும். தூரம் கூடும், டில்ட் குறையும். முடிந்தவரை கேமராவை மட்டமாக வைத்து, தரையை ஃபிரேமுக்குள் இழுக்கக் கீழ்நோக்கி ஷிஃப்ட் செய்யுங்கள். பனைமரங்களும் நேராக நிற்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 24 மி.மீ. லென்ஸில், எஃப்/11-ல், 1.75 மீட்டருக்கு ஃபோகஸ் செய்தாலே வழக்கமான கணக்குப்படி 90 செ.மீ.-யிலிருந்து அடிவானம் வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும். சின்ன அளவில் பார்க்கும் படத்துக்கு டில்ட் தேவையே இல்லை. பெரிய பிரிண்ட் போடுகிறவர்களுக்கும் 45, 90 போன்ற நீள லென்ஸ்காரர்களுக்கும்தான் டில்ட் தன் மதிப்பைக் காட்டும்.

தரை முழுக்கக் கூர்மை, தென்னையின் தலை மங்கல்

டில்ட் செய்தபின் கூர்மை இருக்கும் இடம் ஆப்பு வடிவம். காலடியில் மெல்லியது, தூரம் போகப்போகப் பருக்கும். 90 மி.மீ. லென்ஸ், எஃப்/11, 1.5 மீட்டர் உயரத்தில் நின்று தரையோடு தளத்தைப் படுக்கவைத்தால், 25 மீட்டர் தூரத்தில் தரைக்கு மேலே சுமார் ஒன்றரை மீட்டர்தான் கூர்மை. அங்கே நிற்கும் தென்னையின் தலை மங்காமல் என்ன செய்யும்? 24 மி.மீ.-யில் ஆப்பு மிகத் தடிமன், இந்தத் தொல்லை பெரிதாக வராது.

தளத்தைத் தரையோடு ஒட்டவைக்கவேண்டும் என்று சட்டம் இல்லை. முன்னால் தரையில் ஆரம்பித்து, தூரத்து மரத்தின் நடுத்தண்டு வழியாக ஏறும்படி சாய்வாக வையுங்கள். டில்ட் ஒரு துளி குறையும், ஃபோகஸை நடுத்தண்டுக்குச் செய்யுங்கள். மேலும் கீழும் ஆப்பு பங்கிட்டுக்கொள்ளும். மரம் மிகக் கிட்டே நின்றால் டில்ட்டை விட்டுவிடுங்கள். காற்று இல்லாத நேரமென்றால் ஃபோகஸை மாற்றி இரண்டு மூன்று படம் எடுத்து அடுக்கலாம், ஆனால் தென்னங்கீற்று அசைந்தால் அதுவும் கைகொடுக்காது. எஃப்/22-க்கு மூடினால் ஆப்பு பருக்கும்தான், ஆனால் டிஃப்ராக்‌ஷனில் (சிறு துளை வழியே ஒளி சிதறுவதால்) படம் முழுவதும் மென்மையாகிவிடும். எஃப்/11-ஐத் தாண்ட நான் விரும்புவதில்லை.

ஊரே பொம்மைபோல் தெரிகிறது

டில்ட் எதிர்த்திசையில் போயிருக்கிறது. லென்ஸின் முகம் தரையைப் பார்க்கவேண்டும், வானத்தைப் பார்க்கிறது. பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபக்கம் திருப்புங்கள்.

இடது வலதாக மங்கினால் டில்ட் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. பழைய கேனான் 45, 90 மி.மீ. லென்ஸ்களில் டில்ட்டும் ஷிஃப்டும் ஒன்றுக்கொன்று குறுக்காகத்தான் வரும், மேலே ஷிஃப்ட் செய்தால் டில்ட் பக்கவாட்டில் போகும். இரண்டையும் ஒரே திசைக்கு மாற்றவேண்டுமென்றால் திருகுகளைக் கழற்றி உள்பகுதியைத் திருப்பிவைக்கவேண்டும். நிக்கானின் டில்ட்-ஷிஃப்ட் வரிசையான பிசி-இ-யும் இப்படித்தான். கேனான் 17, 24 இரண்டாம் பதிப்பு, நிக்கான் 19 மி.மீ. ஆகியவற்றில் வளையத்தைச் சுழற்றினாலே போதும். பக்கவாட்டு டில்ட்டுக்கும் நல்ல பயன் உண்டு. காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் நீண்ட சுவர் ஓரமாக நின்று எடுக்கும்போது, தரைக்குப் பதில் அந்தச் சுவரைத் தரை என்று நினைத்து அதே கணக்கைப் போடுங்கள்.

முகப்பின் கிடைக்கோடுகள் ஒரு பக்கம் இறங்குகின்றன

கேமரா முகப்பை நேராகப் பார்க்கவில்லை. ட்ரைபாட் தலையைத் திருப்பி, வாசற்படியின் கோடு கட்டக்கோட்டோடு ஒட்டும்வரை சரிசெய்யுங்கள். நடுவில் நிற்க முடியாமல் மரமோ கம்பமோ மறித்தால் பக்கத்தில் நகர்ந்து நின்று, கேமராவைத் திருப்பாமல், பக்கவாட்டில் ஷிஃப்ட் செய்யுங்கள். செட்டிநாட்டு வீட்டு முகப்புக் கூடத்தில் பெரிய நிலைக்கண்ணாடிக்கு எதிரே நின்றால் கண்ணாடிக்குள் நீங்களும் ட்ரைபாடும் தெரிவீர்கள். அங்கேயும் இதுவே வழி.

எக்ஸ்போஷர் தாறுமாறு, மூலைகள் இருட்டு

டிஎஸ்எல்ஆரில் வ்யூஃபைண்டர் வழியாக அளந்தால், ஷிஃப்டோ டில்ட்டோ செய்தபின் மீட்டர் தவறாகக் காட்டும். பூஜ்யத்தில் வைத்து அளந்துகொள்ளுங்கள், அல்லது லைவ் வியூவில் ஹிஸ்டோகிராம் (படத்தின் ஒளியளவைக் காட்டும் வரைபடம்) பாருங்கள். மிரர்லெஸ்ஸில் இந்தப் பிரச்சினை இல்லை.

மூலை இருட்டு இரண்டு வகை. மெதுவாக மங்கிப்போனால் அது லென்ஸின் இயல்பு. கேனான் 24-ன் பட வட்டம் (லென்ஸ் உள்ளே விழவைக்கும் வட்டப் பிம்பத்தின் விட்டம்) 67.2 மி.மீ., நெட்டு ஃபிரேமில் 12 மி.மீ. ஷிஃப்ட் செய்தால் அதில் 64.6 மி.மீ. செலவாகிவிடும், ஏறக்குறைய விளிம்பிலேயே நிற்கிறீர்கள். எஃப்/8, எஃப்/11-க்கு மூடி, மீதியை மென்பொருளில் சரிசெய்யுங்கள். ஷிஃப்ட் செய்த பக்கம் மட்டும்தான் இருட்டும் என்பதால் சாதாரண விக்னெட் (மூலை இருட்டு) திருத்தம் பொருந்தாது, ஒரு பக்கத்தை மட்டும் படிப்படியாக வெளிச்சமாக்கும் கிரேடியன்ட் போடவேண்டும். கறுப்பாக வெட்டிய மாதிரி இருந்தால் ஃபில்டர் விளிம்போ ஹூடோ மறைக்கிறது, கழற்றிவிடுங்கள்.

ஷிஃப்ட் தானாக இறங்குகிறது

மேலே ஷிஃப்ட் செய்த லென்ஸின் முன்பாகம் கனமானது. பூட்டுவதற்குள் கொஞ்சம் சரியும், நீண்ட எக்ஸ்போஷரில் சரிந்துகொண்டே இருக்கும். தேவையைவிட அரை மி.மீ. கூடுதலாக ஏற்றி, ஒரு கையால் தாங்கிக்கொண்டு பூட்டுங்கள். பூட்டு இறுகியிருக்கும்போது ஷிஃப்ட் திருகைப் பலமாகத் திருப்பாதீர்கள், உள்ளே இருக்கும் பல்சக்கரம் தேய்ந்தால் செலவு பெரியது.

மூன்று படத்தை இணைத்தால் தூண் இரண்டாகத் தெரிகிறது

இடது 12, நடு, வலது 12 என்று ஷிஃப்ட் செய்து இணைத்தால் 60-க்கு 24 மி.மீ. சென்சாரில் எடுத்த மாதிரி அகலப்படம் கிடைக்கும். ஆனால் லென்ஸ் நகரும்போது பார்க்கும் இடமும் 12 மி.மீ. நகர்கிறது. தூரத்து மலைக்கு இது பொருட்டே இல்லை, ஒரு மீட்டரில் நிற்கும் தூணுக்குப் பெரிய விஷயம். லென்ஸை அசையாமல் பிடிக்கும் காலர் போட்டு கேமராவின் உடலை நகர்த்துங்கள். காலர் இல்லையென்றால் சறுக்குத் தட்டில் கேமராவை எதிர்த்திசையில் அதே 12 மி.மீ. நகர்த்துங்கள். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றும் பூட்டியிருக்கவேண்டும்.

எல்லாம் சரி, ஆனாலும் மங்கல்

பகல் பதினொரு மணிக்கு மேல் கருங்கல் பிரகாரத்தில் எடுத்தீர்களா? சூடான கல்லிலிருந்து எழும் காற்று அலையலையாக ஒளியை வளைக்கும். 90 மி.மீ. லென்ஸில் 80 மீட்டர் தள்ளியிருக்கும் சுதைச் சிற்பம் எவ்வளவு ஃபோகஸ் செய்தாலும் கரைந்துதான் தெரியும். லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் விளிம்பு தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும். எந்தத் திருகும் இதற்கு உதவாது. ட்ரைபாடுக்குத் தொல்லியல் துறையின் அனுமதி தேவைப்படும் இடங்களில் அதை முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொண்டு, நடை திறந்ததும் உள்ளே போங்கள். கல் இன்னும் குளிர்ந்திருக்கும், காலை ஏழு மணிக்கெல்லாம் கிழக்கு முகத்தில் ஒளி விழ ஆரம்பித்துவிடும்.